ஆளில்லாத வீட்டுக்கு ஒரு செருமல்

வாசற்படியில் நின்று ஒருமுறை செருமுவார். நாலைந்து மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். அதன் பிறகே வினாயகமூர்த்தி வீட்டுக்குள் கால் வைப்பார். உள்ளே ஒருவரும் இல்லை. ஐந்து வருடமாக அந்த வாடகை வீட்டில் அவர் தனியாள்.

புளியந்தீவில், வாவிக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் முனையில் அந்த வீடு. முற்றத்துத் தகரக் கொட்டில்தான் சைக்கிள் கடை. ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்துமுன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தே ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவார். வாயில் எப்போதும் இரண்டு திருகாணிகள். பேச வேண்டுமென்றால் அவற்றைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார். தேநீர், வம்பு, பத்திரிகை எல்லாம் கொட்டிலோடு சரி. யாரையும் உள்ளே அழைத்ததில்லை, அவருக்கு மகன் முறையான என்னையும்கூட. ஏனென்று ஒருநாள் கேட்டேன். “வீட்டுக்காரி கூப்பிடோணும் மனே. நான் ஆரு கூப்பிட?” என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடென்பது பெண்ணுக்குரியது. அவர் பிறந்த வீடு சீதனமாக அக்கா கண்ணகைக்குப் போனது. அவர் கலியாணம் முடித்துப் பெரியகல்லாற்றில் மனைவியின் வீட்டுக்குப் போனார். சுனாமி மனைவியையும் வீட்டையும் ஒரே காலையில் கொண்டுபோனது. பிறகு நிவாரணத்தில் அதே வளவில் ஒரு கல்வீடு கிடைத்தபோது, அதை மனைவியின் தங்கைக்குக் கொடுத்துவிட்டு சைக்கிள் திருத்தும் ஆயுதப் பெட்டியோடு பஸ் ஏறினார். அது அவளுடைய தாய்வழி வளவு, அவர்களுக்குத்தானே சேரும் என்பது அவர் கணக்கு. பிள்ளைகள் இல்லை.

போன வருடம் சண்டை முடிந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கம், வருடக்கணக்காகக் கால் வைக்க முடியாமல் கிடந்த வயல்வட்டையில் அவருடைய தகப்பன் வழிப் பங்கு விலைப்பட்டது. அதே மாதம் வீட்டுக்காரர் பாறூக் வந்தார். மகள் றபீக்காவுக்கு வீடு கட்ட வேண்டும், இதை விற்கப்போகிறேன், முதல் கேள்வி உங்களிடம்தான், மாத முடிவுக்குள் சொல்லுங்கள் என்றார். வாங்காவிட்டால் கொட்டிலையும் கழற்ற வேண்டியதுதான்.

வினாயகமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் வாடகையே நல்லதென்பார்: “கடல் வந்தா திறப்ப வீட்டுக்காரர்ர கையில குடுத்திட்டு ஓடலாம்.” மறுநாள், இன்னொரு முற்றத்தில் போய்க் கொட்டில் போடும் வயதா இது என்பார். செய்தி கேட்டு வந்த கண்ணகை கொட்டிலில் குந்தியபடியே தீர்ப்புச் சொன்னாள்: “ஆம்புளைக்கு என்னத்துக்குடா வீடு? வாங்கினா என்ர பேத்தி தனுஷாட பேரில எழுது. இல்லாட்டி வந்து என்ர வீட்டுக் குசினிக்குள்ள கிட.”

குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். கடதாசி என்றால் என்னிடம்தான் நீட்டுவார். நொத்தாரிசு எழுதித் தந்த வீட்டு உறுதிப்பத்திர வரைவை வாசித்துக் காட்டினேன். வாங்குபவர் பெயருக்கு மட்டும் இடம் வெறுமையாக இருந்தது. அந்த இடத்தை எண்ணெய் படாத புறங்கையால் தொட்டுப் பார்த்தார். திருகாணிகளை வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“என்ர பேர எழுதினா சிரிப்பாங்களா மனே?”

சட்டத்தில் அதற்குத் தடையே இல்லை என்று விளக்கினேன்.

“சட்டத்துக்கு அக்கா இல்லயே.”

மாத முடிவில் பதில் கேட்க வந்த பாறூக்கும் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு தலைத்தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு சொன்னார்: “நானும் பொண்டாட்டிட வீட்டுலதான் கிடக்கன். நம்மள்ல ஒரு ஆம்புளயாச்சும் சொந்த வீட்டுல கிடக்கட்டும்கா.” இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் வினாயகமூர்த்தி கையைக் கழுவிவிட்டு வந்து, அடையாள அட்டையை எடுத்து என்னிடம் தந்தார். பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதச் சொன்னார்.

உறுதி முடிந்த மறுவாரம் என் சைக்கிளுக்குக் காற்றில்லை. கொட்டிலில் ஆளில்லை. வீட்டுக் கதவு திறந்திருந்தது. படியில் நின்று செருமினேன்.

“ஆரது? உள்ளுக்கு வா மனே.”

உள்ளே கதிரையொன்றை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.