கரையில் நின்ற பெண்

இலங்கையில் யுத்தம் முடிந்த 2009 மே மாதத்தில் என் மேசைக்கு வந்த மூக்குப்பொடிப் பெட்டியைப் பற்றி, இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆகவேண்டும். ரொறன்ரோவில் பழைய சாமான் திருத்தும் வேர்க்‌ஷொப் ஒன்றில் எனக்கு வேலை. வன்னியில் இருந்த அக்காவின் போன் நின்று வாரக்கணக்காகியிருந்தது. வீட்டில் இருந்தால் ரீவியே கதியென்று கிடப்பேன் என்றுதான் வேலைக்குப் போனேன்.

பெட்டி பதினெட்டாம் நூற்றாண்டுச் சாமான். மூடி முழுக்க மதர் ஒஃப் பேர்ள், அதாவது முத்துச்சிப்பி ஓட்டில் செதுக்கி ஒட்டிய சின்ன உருவங்கள். கடல், படகு, படகில் நாலைந்து பேர். கரையில் நின்ற உருவம் மட்டும் உதிர்ந்து தொலைந்திருந்தது. அது மூடியிருந்த மரம் வெளிறாமல் கறுப்பாகவே இருந்தது. கை உயர்த்திய ஒரு பெண்ணின் வடிவம். மேசை விளக்கைச் சற்றுத் திருப்பினால் சிப்பி மினுங்கி, படகிலிருந்தவர்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருக்கும்.

கொண்டுவந்தவர் ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் பழம்பொருள் வாங்கி விற்கும் ராசன் அண்ணை.

“ஆளைச் செதுக்க நாள் எடுக்கும், தம்பி. உதிலை கடலை வெட்டி ஒட்டிவிடும். அங்கை ஒரு ஆள் நிண்டதெண்டு ஆருக்குத் தெரியப்போகுது?”

சொன்னபடி செய்தேன். சிப்பியை அறுக்கும்போது மயிர் கருகும் மணம் வரும். பழகிய மணம்தான், அன்று ஜன்னலைத் திறந்துவைத்தேன். அலையை ஒட்டி கிளாம்ப் போட்டு இறுக்கினேன். காலையில் கிளாம்பைக் கழற்ற, அலை கையோடு வந்தது. மறுபடி ஒட்டினேன். மறுபடியும் வந்தது. அதே பசை மற்றச் சாமான்களில் கல்லாகப் பிடித்திருந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

கறுப்பு அடையாளத்தின் மேல் தாளை வைத்துப் படியெடுத்து, அந்தப் பெண்ணையே செதுக்கி ஒட்டினேன். ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டது.

ராசன் அண்ணைக்குக் கோபம். “கடல் எண்டெல்லோ சொன்னனான்? கேக்காமல் ஏன் ஆளை வைச்சனீர்?”

“அவ அங்கை நிண்டவ, அண்ணை.” “என்ரை அக்கா எங்கையெண்டு தெரியேல்லை. என்னாலை கடலைப் போட்டு மூட ஏலாது.”

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகளே, வெற்றிடத்தை நிரப்ப முதல் அங்கே என்ன இருந்ததென்று பாருங்கள். தெரியாவிட்டால் அப்படியே விடுங்கள். அக்காவைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. மாதா கோயிலில் ஃபாதரும் அவள் பெயரைத் தரும்படி கேட்டுப் பார்த்துவிட்டார். இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்க நான் இன்னும் அவள் பெயரைக் கொடுக்கவில்லை.