கரையாத மாத்திரைகள்

"சுண்ணாம்புச் சூளக்காரன் பொண்ணுக்கு ஒடம்புல சுண்ணாம்பு பத்தலையாமா? இன்னாம்மா பேச்சு இது?"

எண்ணூரில் கிளிஞ்சல் சுட்டுக்கொண்டிருந்த என் அப்பா அப்படித்தான் கேட்டார். அக்காவின் எலும்பில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்று இராயபுரத்து டாக்டரம்மா சொன்னதை வீட்டில் வந்து சொன்னவள் நான். அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை மூன்று நாள் வலிக்குப் பிறகு செத்துப் பிறந்திருந்தது. இடுப்பு நோவில் பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள்.

டாக்டரம்மா சீட்டில் எழுதியது ஒரு தூள். மருந்துக்கடையிலோ அதே சத்து, தூளைவிட அதிகமாக, மாத்திரையாகவும் இருந்தது. லேபிளை நான் இங்கிலீஷில் தடங்கலில்லாமல் படித்தபோது கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் மாத்திரையை வாங்கினேனோ என்று இப்போது தோன்றுகிறது. படித்தவள் வாங்கி வந்தது என்பதால் வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏழாம் மாதத்தில் அக்காவால் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. கொல்லைக்கும் நடக்க முடியாததால் அவளுக்குச் சட்டி வைத்தோம். ஒரு காலையில் அதைக் கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். முந்தின நாள் விழுங்கிய இரண்டு மாத்திரைகளும் முனைகூட மழுங்காமல் அதில் கிடந்தன.

அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

"வேகாத கிளிஞ்சலு மாரி கீது," என்றார். "எம்மாந் தண்ணி ஊத்துனாலும் பொடியாவாது. கல்லாத்தான் கெடக்கும்."

அன்றே டாக்டரம்மாவிடம் அக்காவை அழைத்துப் போனேன். பாட்டிலில் எவ்வளவு இருந்தால் என்ன, கரைவதுதான் உடம்பில் சேரும் என்றார். தூளை வெந்நீரில் முழுக்கக் கரையும்வரை கலக்கி, சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு கரண்டி மீன் எண்ணெய், அது இல்லாவிட்டால் சத்து எலும்புக்குப் போய்ச் சேராது. பிறகு அக்காவின் இடுப்பை அளந்தார். அளந்ததை மறுபடியும் அளந்தார். என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, தூள் நோவைக் குறைக்கும், குறுகிப்போன இடுப்பெலும்பை விரிக்காது, பிள்ளை வர அதில் வழி போதாது என்றார்.

திரும்பும் வழியில் அக்கா தூள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதக் குடிச்சா இந்தவாட்டி நல்லபடியா பொறக்கும், இல்ல?"

குடி என்று மட்டும் சொன்னேன். வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுக்கச் சம்மதம் என்ற தாளில், எங்கள் வீட்டார் கைநாட்டு வைக்கும் இடத்தில், நான் ஏற்கெனவே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.