மிக்சருக்கு அடியில் கரடி

பத்தாவதோடு நின்றவள் கட்டுரை எழுதக் கிளம்புவது கொஞ்சம் அதிகம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். மளிகைச் சீட்டைவிட நீளமாக நான் எதுவும் எழுதியதில்லை. ஆனால் போன வாரம் மகள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டியதிலிருந்து கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

பொம்மைப் படத்தில் வரும் குட்டி விலங்குகள் வளர்ந்து பெரிசானால் என்ன வேலைக்குப் போகும் என்று யாரோ வரைந்திருந்தார்கள். முயல் டாக்டர், பூனை வக்கீல். "இதுக்கு ஃபேன் ஆர்ட்டுன்னு பேரும்மா. எத்தன பேரு பாத்திருக்காங்க பாரு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைத்தானே நான் பள்ளிபாளையத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்த காலத்தில் செய்தேன்? அன்றைக்கு அதற்கு வேலையற்ற வேலை என்று பேர்.

துண்டுக் கம்பெனியை நினைத்தாலே துணிக்குப் போடும் கஞ்சி வாசம் வந்துவிடுகிறது. ஆறு நாளும் அது உடம்பை விட்டுப் போகாது. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால், காட்டுக்குள் விலங்குகள் பள்ளிக்கூடம் போகிற படம் வரும். பத்தொன்பது வயசுப் பெண் அதைப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்க வேண்டாம். வாராவாரம் அம்மா கேட்டாள். ஒரு கரடிக்குட்டி, ஒரு வாத்துக்குஞ்சு, ஒரு குரங்கு. வருஷக்கணக்காக மூன்றும் ஒரே வகுப்பில் இருந்தன. இதுகள் என்றைக்குப் பாஸாகி எங்கே வேலைக்குப் போகும் என்று எனக்கு ஒரே கவலை.

டாக்டர், வக்கீல் எல்லாம் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பக்கம் இருக்கிற வேலையைத்தான் கொடுத்தேன். குரங்கை மின்கம்பத்தில் ஏற்றினேன். வாத்தைக் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்க விட்டேன். கரடிக்குத் தொப்பையும் மடித்துக் கட்டிய வேட்டியும் கொடுத்து, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கு முதலாளி ஆக்கினேன். தாளை வீணாக்காமல் இரண்டு பக்கமும் வரைந்து, நோட்டைத் துணி அலமாரியில் வைத்திருந்தேன்.

அந்த வருஷம் மூன்று வீட்டார் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூவரும் சொன்ன குறை ஒன்றுதான்: "பொண்ணு வாயே தொறக்கலீங்க." நாலாவதாகத் திருச்செங்கோட்டிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நிஜமாகவே ரிக் வண்டி வைத்திருந்தவர். மாப்பிள்ளை வாசலில் செருப்பை விடும்போது, சிதறிக் கிடந்த எங்கள் செருப்புகளையும் சேர்த்து ஓரமாக அடுக்கி வைத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்கு, எப்படியாவது இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று இருந்தது.

எங்களிடம் தட்டுப் போதாது. பக்கத்து வீட்டில் வாங்கி வந்த எவர்சில்வர் தட்டுகளில் நட்டநடுவில் அந்த வீட்டுக்காரர் பெயரை வெட்டி வைத்திருந்தார்கள். இரவல் என்று தெரிந்துவிடுமே! அம்மா அவசரத்தில் கைக்குக் கிடைத்த நோட்டைக் கிழித்து, தட்டுக்கு ஒரு தாள் போட்டு, மேலே மிக்சரைக் கொட்டிவிட்டாள். அது எந்த நோட்டு என்று நான் காபியோடு வந்தபோதுதான் கண்டேன்.

மிக்சர் குறையக் குறைய, மாப்பிள்ளையின் அப்பா தட்டில் முதலில் இரண்டு காதுகள் தெரிந்தன. பிறகு தொப்பை. டம்ளர்களோடு நின்ற என்னை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மிணி, இதாரு?"

"பழைய பேப்பருங்க" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

"அதுகெடக்குது. இந்தக் கரடி என்ன தொழில் பண்ணுது?"

"ரிக் வண்டிங்க" என்றது ஒரு குரல். என்னுடையதுதான். "ரெண்டு வண்டிங்க. ஒண்ணு வடக்க போயிருக்குதுங்க."

"வேலைக்கு ஆளு கெடைக்குதா?"

"எங்கீங்க? அவரே வண்டிக்கு அடியில படுத்து ரிப்பேர் பாத்துக்கறாருங்க."

அவர் தொடையில் அடித்துச் சிரித்தார். "நம்ம கதையேதான்!"

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. தன் தட்டைக் காட்டினார். "வாத்து எதுக்கு கோழி முட்டைய அடுக்கோணும்?"

"படிச்ச படிப்புக்கு வேற வேல கெடைக்கலீங்க. மேனேஜரு சேவலுங்க. அவருக்கும் இதுக்கும் ஆகாதுங்க."

நிறுத்தியிருக்கலாம். சேவலின் சம்சாரம் வரைக்கும் போய்விட்டேன்.

மாப்பிள்ளை மிக்சரைக் கையில் வாரிக்கொண்டு குரங்கை முழுசாகப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அவர்கள் போன பிறகு தட்டுகளை எடுத்தேன். குரங்குத் தாளை மட்டும் காணவில்லை.

டிவியில் அந்தப் படம் எப்போது நின்றது என்று நினைவில்லை. துண்டுக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பெண் பார்ப்பதும் பாதி செல்போனிலேயே முடிந்துவிடுகிறது, மிக்சருக்கு வேலையில்லை.

அவர்கள் வந்து போன மறுநாள் பதினோரு மணிக்குத் தரகர் வந்தார். பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி, இந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மோர் குடித்துவிட்டுப் போனார்.