வெள்ளைத்தாள் ஒட்டிய கட்டம்

இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். காமிக்ஸ் பைத்தியங்கள் நாங்கள், மாதம் ஒரு ஞாயிறு சேலத்தில் கூடுவோம். வெளிநாட்டுக் கதையில் முத்தமோ அரைகுறை உடையோ வந்தால், வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் அந்தக் கட்டத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிடுவது எங்கள் வழக்கம். ஒட்டுபவர் கூட்டத்திலேயே மூத்தவர். பசை தடவிக் கொடுப்பவன் நான். மண்டை சிதறும் கட்டத்துக்கு மட்டும் தாள் கிடையாது. அதை ரசித்து ரசித்துப் பேசுவோம். இங்கே ஏன் ஒட்டியிருக்கிறது என்று வீட்டில் என் மகள் கேட்டால், "அசிங்கம் சாமி, பாக்கக் கூடாது" என்பேன்.

போன வருடம் நாங்களே வரைந்த கதைகளைப் புத்தகமாக்கினோம். நான் நான்கு பக்கம் வரைந்தேன். ஓமலூர்ப் பக்கம் எங்கள் ஊர் டீக்கடையில் மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், எங்கள் தெருக்காரர்களுக்குப் பேப்பர் கப். எட்டு வயது மகள் அங்கே நின்று கேட்டாள்: "ஏம்ப்பா, நமக்கு மட்டும் இது?" அதைத்தான் வரைந்தேன். "உன்னைய புக்குல போடுறேன் சாமி" என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு கூட்டத்துக்குப் புத்தகம் வந்தது. மகள் கப்போடு நிற்கும் கட்டத்தில், அத்தனை பிரதியிலும் வெள்ளைத்தாள்!

"ஏனுங்க இப்படிப் பண்ணீங்க?"

"கோவிச்சுக்காதீங்க," என்றார் மூத்தவர். "குடும்பத்தோட படிக்கிற புக்குங்க. இதுல எதுக்குங்க அரசியல்? சின்னப் புள்ளைங்க பாக்குமுங்கல்ல?"

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"மண்டை சிதறுறதைப் பாக்கலாம், பேப்பர் கப்பைப் பாக்கக் கூடாதுங்களா? எம்புள்ள அதுலதானுங்க டீ குடிக்குது!"

"மெதுவாப் பேசுங்க" என்றார் ஒருவர். மெதுவாகவா! என்ன நெஞ்சழுத்தம் இவர்களுக்கு! இத்தனை நாள் நானும் பசை தடவிக் கொடுத்தேனே என்பது அதைவிட எரிந்தது. ஒரு பிரதியைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் நகத்தால் தாளைச் சுரண்டிப் பார்த்தேன். பிய்த்தால் படமும் சேர்ந்து வரும்போல் இருந்தது. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தார்.

மகள் வாசலுக்கே ஓடிவந்து புத்தகத்தைப் பறித்தாள். நான்கு பக்கத்தையும் புரட்டினாள். வெள்ளைத்தாளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நான் இதுக்கு அடியிலயாப்பா இருக்கேன்?"

தலையாட்டினேன்.

"அப்ப நான் அசிங்கமாப்பா?"