இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒரு வீடு

அந்தக் கோடையில் எங்கள் அங்கன்வாடியின் மேற்குச் சுவர் பிளந்துவிட்டது. கரிசலில் கட்டிய கட்டடம் எதுவும் நிம்மதியாக நிற்பதில்லை. மழைக்கு மண் உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், சுவரும் கூடவே அசையும். ஆனால் அந்த வருஷம் விரிசல் சன்னலுக்கு மேலிருந்து தரைவரை ஓடியிருந்தது. வெளியே நிற்கிற ஆடு அதன் வழியாகத் தெரிந்தது. மேற்பார்வையாளர் வந்து பார்த்தார்.

"நாளையில இருந்து ஒரு பிள்ளையும் உள்ள உக்காரக் கூடாது. வேற இடம் பாருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

எங்கள் ஊர் விளாத்திகுளத்திலிருந்து எப்போதும்வென்றான் ஊருக்குப் போகிற பாதையில் உள்ளடங்கி இருக்கிறது. நான் அங்கன்வாடிப் பணியாளர். கோவில்பட்டியில் கல்லூரி முடித்தவள். என்னோடு இருந்த உதவியாளர் எட்டாவதோடு நின்றவள். என்னைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகளை வீடுவீடாகப் போய்க் கூட்டி வருவது, சமைப்பது, பெருக்குவது அவள் வேலை. பாட்டும் கதையும் என் வேலை. ஆனால் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட பிள்ளை என்னைத் தாண்டி ஓடிப்போய் அவள் சேலையில்தான் முகத்தைப் புதைக்கும். ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஏதோ சுருங்கும். பதினோரு வருஷமாக அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

இடம் பார்க்கிற வேலையையாவது நான் தனியாகச் செய்து காட்ட வேண்டும் என்று நினைத்தேன். பிள்ளைகளை அம்மன் கோயில் தகரக் கொட்டகையில் அக்காவோடு விட்டுவிட்டு அலைந்தேன். சமுதாயக் கூடம் கிடைக்கும் என்றார்கள். அது மேலத்தெருவின் கடைசியில் இருந்தது. "அங்கன எங்க பிள்ளையள விட மாட்டோம்" என்று கீழத்தெருப் பெண்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். காரணத்தை அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த காரணம்தான். ஊர்க்கோடியில் தீப்பெட்டி ஒட்டுகிற ஒரு ஷெட் காலியாக இருந்தது. உள்ளே நுழைந்ததும் தீக்குச்சி மருந்து வாடை தொண்டையைப் பிடித்தது. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு. இரண்டு தெருவுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் வாசல் வைத்துக் கட்டிய ஓட்டு வீடு. அந்தக் குடும்பம் கோவில்பட்டிக்குப் போய்ப் பலசரக்குக் கடை வைத்து நெடுங்காலம் ஆகிறது. வீடு பூட்டியே கிடந்தது. தேய்த்த சேலை கட்டி, மனுவைக் கோப்பில் வைத்துக்கொண்டு கடைக்கே போனேன். வீட்டுக்கார அண்ணாச்சி மனுவை இரண்டு தரம் படித்தார். கூட்டத்துக்கு நடுவே நிமிர்ந்து, "பாப்போம் டீச்சர்" என்றார். மூன்று வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் போன் பண்ணினால், "வெளியூர்ல இருக்கேன்" என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலை அக்கா கொட்டகைக்கு வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்தது அந்த வீட்டுச் சாவி.

"நேத்து கோவில்பட்டி போயிருந்தேன் டீச்சர். அண்ணாச்சி பொஞ்சாதியும் நானும் சின்னப் பிள்ளையில ஒண்ணாக் கெடந்து தீப்பெட்டி ஒட்டுனவங்க. சாவி அவகிட்டதான் இருந்துச்சு. கேட்டேன், குடுத்துட்டா."

"அண்ணாச்சி என்ன சொன்னாரு?"

"அவியகிட்ட அவ சொல்லிக்கிடுவாளாம். பின்னால ஒரு கிணறு திறந்து கெடக்கு. அதுக்குக் கம்பி மூடி போட்டுக்கிடச் சொல்லிட்டா."

வாயால் "நல்லது அக்கா" என்றேன். வயிறு எரிந்தது. மனைவியைப் போய்ப் பார்க்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? கொட்டகைக்கு வந்திருந்த பெண்கள் சாவியை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஒருத்தி, "டீச்சர் இத்தன நாளா அலைஞ்சாவ, ஆயா ஒரே நடையில முடிச்சிட்டா பாரு" என்று சிரித்தாள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அலுவலகத்துக்கு அறிக்கை எழுத வேண்டியது நான். எழுதினேன். 'வீட்டின் பின்புறம் திறந்த கிணறு உள்ளது. குழந்தைகளின் பாதுகாப்புக்கு ஏற்றதல்ல.' ஒவ்வொரு எழுத்தும் உண்மை. மூடி போட்டுக்கொள்ள வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்ற ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. மறுவாரமே இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாவி ஆணியில் தொங்கியது. அக்கா என்னிடம் காரணம் கேட்டாள். "மேல ஒத்துக்கிடல" என்று முடித்துக்கொண்டேன்.

வெயில் ஏறியது. பத்து மணிக்கே தகரம் கொதித்தது. பிள்ளைகளுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. வருகிற தலைகள் குறைந்துகொண்டே வந்தன. நன்றாகப் பாடுகிற ஒரு பெண் குழந்தையை அவள் அம்மா டவுன் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டாள். வேன் கொட்டகையைத் தாண்டும்போது அது சன்னல் வழியாகக் கையாட்டியது. எனக்கல்ல, அக்காவுக்கு. அதைப் பார்த்தபோதுகூட எனக்கு முதலில் வந்தது வருத்தமல்ல என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு மேற்பார்வையாளர் நேரில் வந்தார். கொட்டகையின் சூட்டில் நிற்க முடியாமல், "அந்த வீட்டுல கிணறு மட்டும் இல்லேன்னா நல்லா இருந்திருக்கும். டீச்சர் ஆபத்துன்னு எழுதிட்டாங்களே" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. எனக்குத் தலை குனிந்துவிட்டது.

"மூடி போட்டிரலாம் மேடம்" என்றாள் அவள். "அண்ணாச்சி வீட்டுல சரின்னுட்டாவ. டீச்சர்தான் அதுக்கு ஆள் பாத்துக்கிட்டு இருக்காவ."

என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் அதற்கும் இடம் தரவில்லை. அதிலும் அவளே எனக்கு முன்னால் போய் நின்றாள். அந்த நிமிஷத்தில் என் பொறாமை குறையவில்லை, கூடியது.

ஆனால் அவள் சொன்ன பொய்யை நான்தான் உண்மையாக்க வேண்டியிருந்தது. அன்று சாயங்காலமே விளாத்திகுளம் போய் வெல்டிங் பட்டறைக்காரரைக் கையோடு கூட்டி வந்தேன். அவர் கிணற்றின் வாயை அளந்தார். நாலு நாளில் கம்பி மூடி வந்து இறங்கியது. கைப்பிடிச் சுவரோடு சேர்த்துப் பூட்டு மாட்டினோம். மூடிமேல் நானே ஏறி நின்று மிதித்துப் பார்த்தேன். அக்கா கையைத் தட்டிச் சிரித்தாள்.

அலுவலகமும் ஒத்துக்கொண்டது. அங்கன்வாடியை அங்கே திறந்த அன்று இரண்டு வாசல் வழியாகவும் பிள்ளைகள் வந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் எனக்குத் துண்டு போர்த்தி, "டீச்சர் அலைஞ்சு திரிஞ்சு புடிச்ச இடம்" என்று பேசினார். மறுக்க வாய் திறந்தேன். கைதட்டல் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் அடுப்படிக்குப் போனேன். அக்கா சாம்பார் சாதம் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் கிணத்தப் பத்தி நான் முழுசா எழுதல."

"தெரியும் டீச்சர்." கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி என் உள்ளங்கையில் வைத்தாள். "உப்பு பாருங்க."

உப்பு சரியாக இருந்தது. துண்டை எடுத்து அவள் தோளில் போட்டேன். கை துடைக்க நல்லது என்று சொல்லி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த வீட்டில்தான் இன்னமும் நடக்கிறது. டவுன் வேனில் போன குழந்தை திரும்பி வரவில்லை. போன மாதம் அக்கா மகள் பிரசவத்துக்காக ஒரு வாரம் லீவு போட்டாள். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் வாசலைப் பார்த்து அழுதார்கள். மூன்றாம் நாள் ஒரு வாண்டு என் மடியில் வந்து படுத்துத் தூங்கிப்போனது. கால் மரத்துப்போயும் நான் அசையவில்லை. திங்கட்கிழமை நான் பாடிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். அந்த வாண்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து அவளிடம் ஓடியது.

நான் பாட்டைத் தொடர்ந்து பாடினேன்.