மூத்தாளை மோட்சத்துக்கு அனுப்பியவள்

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் முடியைப் பிடித்து இழுக்கலாம், இல்லை ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். சவுரியம்மாளுக்கு வாய்த்தவளோ செத்து மூன்று வருஷம் ஆனவள். அவளை என்ன செய்ய முடியும்?

ஒலக்கூருக்குப் பக்கத்தில், மாதா கோயிலை ஒட்டின தெருவில், ஏர் ஓட்டுகிற கூலிக்காரன் தேவசகாயம். 1938ஆம் வருஷம் சித்திரையில் சவுரியம்மாளை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு வந்தான். குடி கிடையாது. கை நீட்ட மாட்டான். போட்டதைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவுவான். குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் அவள் ஆறு மாதம் திண்டாடினாள். நவம்பர் இரண்டாம் தேதி அகப்பட்டது.

அன்று கல்லறைத் திருநாள். மரக்காணத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைத்து, மூத்தாள் ஜெயத்தின் கல்லறைக்கு இரண்டு பூச்சு அடித்தான் தேவசகாயம். குடியிருக்கிற வீட்டுச் சுவரோ கரி ஏறி, அடுப்புக்குள்ளே குடித்தனம் நடத்துகிற மாதிரி இருந்தது. திண்டிவனம் போய் வாங்கி வந்த பன்னிரண்டு மெழுகுவர்த்தியைக் கல்லறையைச் சுற்றி நட்டான். தூறலில் அணையாதபடி ஒவ்வொன்றுக்கும் ஓர் உடைந்த சட்டியை அண்டக் கொடுத்தான். இத்தனை உடைசல் இவனுக்கு எங்கே கிடைத்தது என்று பார்த்தால், வருஷம் பூராவும் சேர்த்து வைத்திருக்கிறான்! ஆடியில் அவள் கைதவறி உடைத்த சோற்றுச் சட்டியும் அதில் இருந்தது. "போவுது விடுமே" என்று அன்றைக்கு அவன் சிரித்ததன் அர்த்தம் இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

நாலு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே மாசிலாமணி உபதேசியாரிடம் போனாள். கோயிலில் செபம் சொல்லித் தருகிறவர் அவர்.

"உபதேசியாரே, இந்த வர்த்தி எத்தினி வருசத்துக்கு வைக்கணும்?"

"ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்புல வேகற வரைக்கும் வைக்கணும்மா. பாவம் கழிஞ்சி மோட்சம் போயிட்டா, அப்புறம் அதுக்கு நம்ம வெளிச்சம் எதுக்கு?"

"சீக்கிரம் போவ வழி இருக்குதா?"

"நாம வேண்டிக்க வேண்டிக்க ஜல்தியாப் போய்ச் சேரும்."

சவுரியம்மாளின் மூளையில் பதின்மூன்றாவது மெழுகுவர்த்தி எரிந்தது. அடுத்த நவம்பருக்குள் ஜெயத்தை மோட்சத்தில் கொண்டு போய்த் தள்ளிவிட வேண்டும். அப்புறம் எவனுக்கு வர்த்தி, எவளுக்குச் சுண்ணாம்பு?

அன்று தொடங்கியது செபம். நாற்று நடும்போது ஒன்று, கேப்பை அரைக்கும்போது ஒன்று, தண்ணீர்க் குடம் நிறைகிற நேரத்தில் அரை. அந்த வருஷம் அவள் சொன்ன ஜெபமாலைகளை ஒன்றோடொன்று முடிந்து போட்டிருந்தால், திண்டிவனத்தில் ஆரம்பித்து ரயில் பாதையோடு ஓடி விழுப்புரம் ஜங்ஷனில் போய் நின்றிருக்கும். மாதாவே காதைப் பொத்திக்கொண்டாள் என்றுகூடச் சொல்வார்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால் எல்லாரும் சுகப்பிரசவத்துக்கு வேண்டச் சொன்னார்கள். அவள் ஜெயத்துக்காக வேண்டினாள். தை மாதம் கதிர் அறுக்கையிலும் வாய் முணுமுணுத்தது. தபசு காலத்தில் ஒருவேளைச் சோற்றோடு விரதம் இருக்கப் போனாள். "புள்ளத்தாச்சிக்கு ஒருசந்தி கெடையாது" என்று உபதேசியார் தடுத்தார். சரி என்று கருவாட்டை விட்டாள். கருவாடு இல்லாமல் அவளுக்குக் கூழ் இறங்காது. நாற்பது நாள் இறக்கினாள்.

பக்கத்து வீட்டுச் செண்பகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடியே சவுரி, மூத்தாளுக்காவ இப்பிடி உருகறவள நான் பாத்ததே இல்ல. ஒன் மனசு தங்கம்டி."

"இன்னா பண்றதுக்கா, பாவம், நெருப்புல கெடக்கறா இல்ல" என்றாள் சவுரியம்மாள். தங்கம் உள்ளுக்குள் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது.

உயிர்த்த ஞாயிறு விடியலில் கோயில் மணி அடிக்க, ஆண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தத்தில் மணிச் சத்தம் கேட்கவில்லை என்பார்கள். இன்னாசி என்று பெயர் வைத்து அந்த வாரமே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தேவசகாயம் பிள்ளையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சொன்னான்:

"ஜெயந்தான் மேல இருந்து வேண்டிக்கினு இருக்கா, பாரேன்."

"பத்து மாசம் சொமந்தவ நானு. பேரு அவளுக்கா?"

"அதுக்கில்லமே..."

"இரு மாமா. மேல இருந்துன்னா சொன்ன? அப்ப மோட்சம் போயிட்டான்னு ஒனக்கும் தெரியுது. இனிமே வர்த்தி வேணாம் பாரு."

மறுநாள் மிச்சமிருந்த கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைத்து வீட்டுச் சுவருக்கு அடித்தான். ஒரே பூச்சுதான். இருந்தாலும் அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ஆகஸ்டு பதினைந்துக்கு அந்தக் காலத்தில் மாதா ஒருத்திதான் சொந்தக்காரி. தேர் தெருவுக்குள் வந்தபோது தேவசகாயம் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டினான். திருநாள் கடையில் ஒரு கிலுகிலுப்பையும், அவளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையலும் வாங்கினான். பன்னிரண்டு. சவுரியம்மாள் எண்ணிப் பார்த்துத் திருப்தியானாள். அன்றைக்கு அவள் ஜெயத்தை நினைக்கவே இல்லை. நினைக்கவில்லை என்பது ராத்திரி படுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்தது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்று நாள். நாலாம் நாள் கிலுகிலுப்பையை ஆட்டினாலும் அவன் திரும்பவில்லை.

தேவசகாயமே குழி வெட்டினான். ஜெயத்தின் கல்லறைக்கு ஒரு முழம் தள்ளி வெட்டினான்.

"அங்க வேணாம்!" என்று கத்தினாள் சவுரியம்மாள். "அவகிட்ட வேணாம் மாமா! வேற எங்கனா தோண்டு!"

"தனியாக் கெடந்தா பயந்துக்குவான்மே." அவன் நிமிரவில்லை. மண்வெட்டி மட்டும் போய் வந்தது.

மாசிலாமணி உபதேசியார் நல்ல மனுஷர். ஆறுதல் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

"அழுவாதம்மா. ஞானஸ்நானம் வாங்கின பச்சப் புள்ள, நேரா மோட்சந்தான். அங்க பாத்துக்க ஆளா இல்ல? ஜெயம் இருக்கா. நீதான ஒரு வருசம் பாடுபட்டு அனுப்பி வச்ச? அவ கைநீட்டி வாங்கி மடியில போட்டுக்குவா."

சவுரியம்மாளின் அழுகை சட்டென்று நின்றது. செண்பகம், ஆறுதல் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். அது ஆறுதல் இல்லை. ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை, நாற்பது நாள் கருவாடு இல்லாத கூழ், எல்லாம் சேர்த்து அவளே ஒருத்தியைப் படியேற்றிவிட்டு, மடியை விரித்து உட்கார வைத்திருக்கிறாள். முதலில் புருஷன். இப்போது பிள்ளை. ஜெயம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துகொண்டு இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் சவுரியம்மாள் யாருக்காகவும் செபம் சொல்லவில்லை.

மறுபடியும் கல்லறைத் திருநாள் வந்தது. தேவசகாயம் திண்டிவனத்திலிருந்து நனைந்துகொண்டு திரும்பினான். சுண்ணாம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அவளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனான்.

"சீமையில சண்டை வந்துட்டுதாம். கடைக்காரன் வர்த்தியப் பதுக்கிட்டான். ஒண்ணுதான் கெடச்சிது" என்று நீட்டினான். "நீயே வையி. எங்கன்னு நீயே பாத்துக்க."

சொல்லிவிட்டு, சுண்ணாம்புச் சட்டியைக் கழுவப் போகிறவன்போல வேலியோரம் நகர்ந்துவிட்டான்.

பெரிய கல்லறை ஒன்று, சின்ன மண்மேடு ஒன்று. அவள் போட்ட கணக்குப்படி இரண்டு பேரும் மோட்சத்தில். இருவருக்கும் வெளிச்சம் வேண்டியதில்லை. சவுரியம்மாள் முதல் தடவையாக ஜெயத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வர்த்தியை மூத்தாளின் தலைமாட்டில் நட்டுப் பற்ற வைத்தாள்.

"இந்தா. ஒனக்குன்னு நெனைச்சிக்காத. அவன் மூஞ்சி ஒனக்கு நல்லாத் தெரியணும்னு வைக்கிறேன்" என்றாள். "எடது பக்கம் ஒருக்களிச்சிப் போட்டாதான் தூங்குவான். மல்லாக்கப் போட்டா கத்துவான். நீ பெத்தவளா, ஒனக்கு எப்பிடித் தெரியும்? நெத்தியில ஊதினா சிரிப்பான். எப்பவாச்சும் ஊது. நாளெல்லாம் ஊதிக்கினு இருக்காத. அது என்னோடது."

தூறல் போட ஆரம்பித்தது. மடியிலிருந்து ஓர் உடைந்த சட்டியை எடுத்தாள். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தாள். காற்று வருகிற பக்கம் அண்டக் கொடுத்து, வெளிச்சம் மண்மேட்டில் விழும்படி திருப்பி வைத்தாள்.

"இன்னொண்ணு. பேச்சு வந்தா ஒன்னப் பெரியம்மான்னு கூப்பிடச் சொல்லிக் குடு. அம்மான்னு மட்டும் கூப்பிட வச்சே, நான் அங்க வந்து பேசிக்கிறேன்."

வேலியோரத்திலிருந்து தேவசகாயம் குரல் கொடுத்தான்: "யாருகிட்டமே பேசிக்கினு இருக்க?"

"எங்க ரெண்டு பேருக்குள்ள ஆயிரம் இருக்கும். நீ வராத, அங்கியே நில்லு."