துணியின் ஓரத்தில் நின்ற கால்

தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போட்ட பிளீச்சிங் பவுடர் வாசனை இன்று காலை மாடியிலிருந்து இறங்கி வந்ததும், நொய்யல் ஆற்றோரத்தில், பிளீச்சிங் போட்டுச் சலவை செய்த பனியன் துணி காயவைத்த மைதானம் நினைவுக்கு வந்துவிட்டது. இப்போது அங்கே ஒரு கிடங்கு நிற்கிறது. அந்த நாட்களில் பகலெல்லாம் வெள்ளைத் துணி வெயிலில் கண் கூசவைக்கும். சாயங்காலம் அம்மாவும் மற்றப் பெண்களும் அதைச் சுருட்டி எடுத்ததும், அதே செம்மண்ணில் அவர்கள் வேலைசெய்த பனியன் கம்பெனியின் அணி கால்பந்து ஆடும். அந்த அணிக்காகவே குண்டடத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர் அப்பா. சம்பளம் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் என்ற பெயரில், வேலை பந்தோடு.

மழை மூட்டமாயிருந்த ஒரு நாள், காயாத துணி கோல் பக்கம் கிடக்கும்போதே பெருமாநல்லூர்க்காரர்களோடு ஆட்டம் நடந்தது. கடைசி நேரத்தில் பந்தோடு பாய்ந்த அப்பா, எதிராளியைச் சுற்றிப்போகத் துணியை மிதிக்க வேண்டியிருந்ததால், மண் அப்பிய காலோடு அதன் ஓரத்தில் நின்றுவிட்டார். பந்து பறிபோனது. தோற்றோம்.

"ஏனப்பா, ரெண்டு எட்டு மிதிச்சிருந்தா ஜெயிச்சிருக்கலாமல்லோ? துணிய மறுக்கா அலசிக்கலாம்" என்றார் முதலாளி.

"அலசறது நம்ம பொம்பளைங்கதானுங்களே மொதலாளி" என்றார் அப்பா.

அதன்பின் அவரை ஆட அழைக்கவில்லை. கடைசிவரை கட்டிங் மேசையிலேயே நின்றார். ஆனாலும் அந்த மைதானம் இருந்தவரை, அவர் ஆட வரப்போவதில்லை என்று தெரிந்தே, அம்மாவும் அந்தப் பெண்களும் தினமும் கோல் பக்கத்துத் துணியைத்தான் முதலில் எடுத்தார்கள்.